ஆக்ஸிமீட்டர் 97 காட்டுது... ஆனாலும் மூச்சு வாங்குதா? கிட்னியையும் கொஞ்சம் கவனிங்க!

என் பெரியப்பாவுக்கு வயசு 58. விருதுநகரில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. பதினாலு வருஷமா சுகர் இருக்கு. ஒரு காலத்தில் பீடி பிடிப்பார், விட்டு ரொம்ப வருஷமாச்சு. போன வருஷம் ஆடி மாசத்தில் இருந்து அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. மாடி ஏறினா இளைப்பு, ராத்திரி படுத்தா இருமல். வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: "பீடி பண்ண வேலை. நெஞ்சுல சளி."

தெரிஞ்ச மெடிக்கல் ஷாப்பில் ஓர் இன்ஹேலர் வாங்கினார்கள். நான் சென்னையில் இருந்து என் பங்குக்கு ஓர் ஆக்ஸிமீட்டரை ஆன்லைனில் ஆர்டர் பண்ணி அனுப்பினேன். வீடியோ காலில் விரலை மாட்டச் சொல்லிப் பார்த்தால் 97. "சூப்பரா இருக்கு பெரியப்பா, பயப்படாதீங்க"ன்னு சொன்னது நான்தான். ஆரோக்கியம் பற்றி வாரா வாரம் எழுதுகிற நானேதான்.

ரெண்டு மாசம் கழிச்சு தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். பெரியப்பா மூணு தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சாக்ஸ் கழற்றிய இடத்தில் கணுக்காலைச் சுற்றி ஆழமான பள்ளம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன் அவர் காலைத்தான் விரலால் அழுத்திப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 6-ஐத் தாண்டியிருந்தது. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே. மூச்சு வாங்கியது நுரையீரலில். ஆனால், பிரச்னை ஆரம்பித்தது கிட்னியில்.

"கிட்னிக்கும் மூச்சுக்கும் என்னங்க சம்பந்தம்?" இதே கேள்வியைத்தான் பெரியம்மா அன்னிக்குக் கேட்டார். உங்களுக்கும் அதே கேள்வி இருந்தால், தொடர்ந்து படிங்க. உலகம் முழுக்க சுமார் 85 கோடி பேருக்கு ஏதோ ஒரு வகையில் சிறுநீரகப் பாதிப்பு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதில் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

ரெண்டு பேரும் பார்ட்னர்கள்!

நுரையீரல் காற்றைப் பார்த்துக்கும், சிறுநீரகம் தண்ணியைப் பார்த்துக்கும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உடம்புக்குள் வேலைப் பங்கீடு அவ்வளவு சிம்பிள் இல்லை.

ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெப்ரான்கள் என்கிற குட்டி ஃபில்டர்கள் இருக்கின்றன. ரெண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் கிட்டத்தட்ட எல்லாமே மறுபடி ரத்தத்துக்கே போய்விடும். ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியேறும். உடம்பில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு, எவ்வளவு அமிலம் இருக்கணும் என்று முடிவு பண்ணுவது இந்த வடிகட்டும் வேலைதான். இதுபோக, ரத்த சிவப்பணு உற்பத்திக்கு ஆர்டர் கொடுப்பதும், ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் சிறுநீரகத்தின் டியூட்டி.

நுரையீரலில் இருப்பது 30 கோடிக்கும் மேலான காற்றுப் பைகள். ஒவ்வொன்றின் சுவரும் அவ்வளவு மெல்லியது. சுவருக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ரத்தம். அந்த மெல்லிய சுவர் வழியாகத்தான் ஆக்ஸிஜன் உள்ளே போகிறது, கார்பன் டை ஆக்ஸைடு வெளியே வருகிறது. ரத்தத்தில் தண்ணீர் கூடினாலும், சிவப்பணு குறைந்தாலும், அமிலம் ஏறினாலும் அந்தச் சுமை நேராக வந்து விழுவது இங்கேதான். சிறுநீரகம் கணக்கில் தப்பு பண்ணினால், நுரையீரல்தான் அதற்கு வட்டி கட்டும்.

அது எப்படி நடக்குது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வெளியே போகாத தண்ணீர்

வீட்டு மொட்டைமாடியில் மழைநீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? முதலில் தண்ணீர் தேங்கும், அப்புறம் சுவர் ஓதம் காக்கும். சிறுநீரகம் செயலிழக்கும்போது உடம்பிலும் அதேதான். உப்பும் தண்ணீரும் வெளியே போக முடியாமல் ரத்தக் குழாய்களில் தங்கும். முதலில் பாதம், கணுக்கால், கண்ணுக்குக் கீழே வீங்கும். பிறகு நுரையீரலின் காற்றுப் பைகளைச் சுற்றியும், கடைசியில் அவற்றுக்கு உள்ளேயும் நீர் கசியும். சிலருக்கு நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோத்துக்கொள்ளும்.

சிறுநீரில் புரதம் அதிகம் வெளியேறுகிறவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடும். ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்கிற புரதம்தான் தண்ணீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்து வைக்கிறது. அது குறைந்தால் தண்ணீர் சுலபமாக வெளியே கசியும். நீண்ட நாள் பி.பி-யால் இதயமும் பலவீனமாகியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

படுத்தால் ஏன் அதிகமாகிறது? பகல் முழுக்க காலில் தேங்கியிருந்த நீர், படுத்ததும் ரத்தத்தோடு சேர்ந்து நெஞ்சுப் பக்கம் திரும்பி வரும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்கும். பெரியப்பாவுக்கு ஒரு தலையணை ரெண்டாகி, ரெண்டு மூணானதன் ரகசியம் இதுதான். அவர் சொகுசுக்காகத் தலையணை சேர்க்கவில்லை. மூச்சுக்காகச் சேர்த்திருக்கிறார். பகலில், உட்கார்ந்த நிலையில் நான் பார்த்த 97, ராத்திரி நடந்ததைச் சொல்லவே இல்லை.

இன்னொரு விஷயம். நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்தாலும் சிலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நெஞ்சில் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்தால், "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்பவருக்கும் நீர் சேர்ந்திருப்பது தெரிவதுண்டு.

2. சீட் ஃபுல், ஆனா பஸ்ஸே பாதிதான்!

சிவப்பணுக்களைத் தயாரிக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் ஹார்மோனுக்குப் பெயர் எரித்ரோபொயட்டின். பெரியவர்கள் உடலில் இதில் சுமார் 90 சதவிகிதம் சிறுநீரகத்தில்தான் உற்பத்தியாகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவதை செல்கள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்பதற்காக 2019-ல் மருத்துவ நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவரான பீட்டர் ராட்கிளிஃப், அடிப்படையில் ஒரு சிறுநீரக மருத்துவர். இந்த ஹார்மோனைத் துரத்திப் போய்த்தான் அந்தக் கண்டுபிடிப்புக்கே வந்து சேர்ந்தார்.

சிறுநீரகம் பழுதானால் இந்த உத்தரவு குறையும். சிவப்பணு குறையும். ரத்தசோகை வரும். ஆக்ஸிஜனைச் சுமக்க ஆள் இல்லாததால், கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும்.

அப்புறம் ஆக்ஸிமீட்டர் ஏன் நல்ல நம்பர் காட்டுது? இப்படி யோசிங்க. உங்க ஊரில் தினமும் 100 டவுன் பஸ் ஓடணும். இன்னிக்கு 50தான் ஓடுது. ஓடுகிற 50 பஸ்ஸிலும் சீட் எல்லாம் ஃபுல். "எத்தனை சதவிகிதம் சீட் நிரம்பியிருக்கு?"ன்னு கண்டக்டரைக் கேட்டா "98 சதவிகிதம்"னுதான் சொல்வார். அவர் பொய் சொல்லலை. ஆனா, பாதி ஜனம் இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான் நிக்குது.

ஆக்ஸிமீட்டர் அந்த கண்டக்டர் மாதிரி. இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவிகிதம் ஆக்ஸிஜனால் நிரம்பியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ஹீமோகுளோபினே எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கொரோனா காலத்தில் நம் எல்லார் வீட்டிலும் நுழைந்த அந்தக் கருவி, நுரையீரல் தொற்றில் உண்மையிலேயே உயிர் காத்தது. ஆனால், 'மூச்சு வாங்குது, நம்பர் நல்லா இருக்கு, அதனால பிரச்னை இல்லை' என்று முடிவு கட்ட அது போதாது. அந்தத் தப்பைத்தான் நான் பண்ணினேன்.

3. அமிலக் கணக்கு

நம் ரத்தத்தின் பி.ஹெச் அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இருந்தாகணும். ரொம்பக் குறுகலான பாதை. சாப்பாடு செரித்து, செல்கள் வேலை செய்யும்போது அமிலம் உருவாகிக்கொண்டே இருக்கும். காற்றாக வெளியேறக்கூடிய கார்பன் டை ஆக்ஸைடை நுரையீரல் ஊதித் தள்ளிவிடும். காற்றாக மாறாத மற்ற அமிலங்களைச் சிறுநீரகம்தான் சிறுநீரில் அனுப்பணும்.

சிறுநீரகம் அந்த வேலையை நிறுத்தினால், பாரம் முழுக்க நுரையீரல் தலையில். அமிலத்தைச் சமன் செய்ய, அது கார்பன் டை ஆக்ஸைடை இன்னும் அதிகமாக வெளியேற்றப் பார்க்கும். அதனால் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் மாறும். ஓடவே இல்லை, ஆனால் ஓடி வந்தவர் மாதிரி மூச்சு விடுவார். கடுமையான நிலையில் வரும் இந்த ஆழ்ந்த மூச்சுக்கு, 1874-ல் அதை சர்க்கரை நோயாளிகளிடம் விவரித்த ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மாலின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இதற்காக டாக்டர்கள் சோடியம் பைகார்பனேட் மாத்திரை கொடுப்பதுண்டு. நம் சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடாவும் அதே பொருள்தான். உடனே ஸ்பூனை எடுக்காதீங்க! அதில் சோடியம் இருக்கு. அளவு தெரியாமல் எடுத்தால் உடம்பில் நீர் இன்னும் சேரும்.

4. ஊத முடியாத பலூன்

நுரையீரல் தானாகச் சுருங்கி விரிவதில்லை. உதரவிதானமும் விலா எலும்புத் தசைகளும்தான் அதை இயக்குகின்றன. நாள்பட்ட சிறுநீரக நோயில் பசி குறையும், தசை கரையும், வைட்டமின் டி குறையும். சுவாசத் தசைகளும் பலவீனமாகும். கூடவே நீர்க்கோவை, உடல் முழுக்க இருக்கும் அழற்சி எல்லாம் சேர்ந்து நுரையீரல் முழுசா விரியாமல் தடுக்கும்.

'ஸ்பைரோமெட்ரி' என்று ஒரு டெஸ்ட் உண்டு. மூச்சை முழுசா இழுத்து, ஒரு குழாயில் பலமாக ஊதணும். மொத்தம் எவ்வளவு காற்று வந்தது, முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வந்தது என்று அளப்பார்கள். ஆஸ்துமாவில் காற்று வெளியே வரும் பாதை குறுகியிருக்கும். சிறுநீரக நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவது வேறு வகை. நுரையீரல் விரியும் அளவே குறைந்திருக்கும். நல்ல செய்தி என்னவென்றால், தேங்கிய நீரை டயாலிசிஸில் எடுத்த பிறகு, இந்த அளவு பலருக்கு ஓரளவு மேம்படும்.

நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் அதிகரிப்பதும் இந்த நோயாளிகளிடம் சகஜம். நீர்ச்சுமை, பலவீனமான இதயம் இதற்கு முக்கியக் காரணங்கள். டயாலிசிஸுக்காகக் கையில் போடும் ஃபிஸ்துலா வழியாக அதிக ரத்தம் ஓடுவதும் சிலருக்குக் காரணமாகலாம். அதனால்தான் மூச்சு வாங்குது என்று சொன்னால் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள்.

5. தொற்றுக்குத் திறந்த கதவு

சிறுநீரக நோய் உடம்பின் எதிர்ப்பு சக்தியையும் குறைக்கும். நிமோனியா, காசநோய் இரண்டுக்கும் வாய்ப்பு அதிகம். காசநோய் இன்னும் ஒழியாத நம் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. டயாலிசிஸில் இருப்பவருக்கு நெஞ்சில் நீர் சேர்ந்தால், அது வெறும் நீர்க்கோவையா, டி.பி-யா என்று டாக்டர் பிரித்துப் பார்த்தாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலை நேரக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் டி.பி பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆனால், சில டி.பி மருந்துகளின் அளவை, கிட்னி வேலை செய்யும் அளவைப் பொறுத்து மாற்றணும். அதனால் "எனக்கு கிட்னி பிரச்னை இருக்கு" என்பதை முதல் வரியிலேயே சொல்லிடுங்க.

ரிவர்ஸிலும் நடக்கும்!

கிட்னி கெட்டால் மூச்சு கெடும், சரி. நுரையீரல் கெட்டால் கிட்னி கெடுமா? கெடலாம்.

புகையாலும் விறகடுப்புப் புகையாலும் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து கார்பன் டை ஆக்ஸைடு கூடும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும். நுரையீரல் அழுத்தத்தை எதிர்த்துப் பம்ப் பண்ணிப் பண்ணி, இதயத்தின் வலது பக்கம் களைத்துப்போகும். அப்போது சிறுநீரகத்தில் இருந்து திரும்ப வேண்டிய ரத்தம் அங்கேயே தேங்கும்.

இதில் ஓர் ஒளிந்து விளையாட்டும் உண்டு. கிரியேட்டினின் என்பது தசையில் இருந்து வருவது. நீண்ட நாள் நுரையீரல் நோயால் மெலிந்தவரிடம் தசையே குறைவு. அதனால் கிட்னி பாதிக்கப்பட்டிருந்தாலும் கிரியேட்டினின் நார்மல் மாதிரியே தெரியலாம். ரிப்போர்ட்டில் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது.

குறட்டையும் இந்தக் கதையில் வருகிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் 'ஸ்லீப் ஆப்னியா', சிறுநீரக நோயாளிகளிடம் அதிகம். காலில் தேங்கிய நீர் படுத்ததும் கழுத்துப் பக்கம் வந்து மூச்சுப் பாதையைக் குறுக்குவது அதற்கு ஒரு காரணம். ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் ஏறி இறங்கினால் பி.பி கூடும், அது மறுபடி கிட்னியைத்தான் தாக்கும். உங்க அப்பாவின் குறட்டையை மீம் போட்டுக் கிண்டல் பண்ணினது போதும். நடுவில் மூச்சு நிற்கிறதா என்று ஒரு ராத்திரி கவனிங்க.

ஒரே அடியில் ரெண்டும்: இளைஞர்கள் கவனத்துக்கு

"இதெல்லாம் வயசானவங்க மேட்டர்"னு ஸ்க்ரோல் பண்ணப் போறீங்களா? ஒரு நிமிஷம்.

1919-ல், இன்ஃப்ளூயன்ஸா கொள்ளைநோய் சமயத்தில், நுரையீரலில் ரத்தக் கசிவும் சிறுநீரக அழற்சியும் சேர்ந்து இறந்துபோன ஓர் இளைஞரைப் பற்றி எழுதினார் அமெரிக்க நோயியல் மருத்துவர் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர். பின்னாளில் அந்த நோய்க்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. காற்றுப் பையின் சுவரிலும், சிறுநீரக ஃபில்டரின் சுவரிலும் ஒரே வகை கொலாஜன் புரதம் இருக்கிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்தப் புரதத்தை எதிரி என்று நினைத்துத் தாக்கினால், ஒரே நேரத்தில் இரண்டு உறுப்பும் அடிவாங்கும். அரிதான நோய்தான். ஆனால், இருபது, முப்பது வயதுகளில் இருப்பவர்களையும் இது பிடிக்கும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு நுரையீரல் ரத்தக் கசிவு வரும் ஆபத்து அதிகம். இளம்பெண்களை அதிகம் தாக்கும் லூபஸ் போன்ற நோய்களும் இப்படி இரண்டையும் சேர்த்துத் தாக்கக்கூடியவை.

இருமும்போது ரத்தம், சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்திலோ சிவப்பாகவோ போவது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்பதற்கு இடமே இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் கிட்னியைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. நாள் தள்ளினால் அந்த வாய்ப்பும் தள்ளிப்போகும்.

மாத்திரையால் வரும் இருமல்

கிட்னியைப் பாதுகாக்கவும் பி.பி-யைக் குறைக்கவும் எனாலப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் தருவார்கள். சிறுநீரகத்தில் தொடங்கி நுரையீரலில் முடிகிற ஒரு ஹார்மோன் சங்கிலியை இவை தடுக்கின்றன. சிலருக்கு இதனால் சளியே இல்லாத வறட்டு இருமல் வரும். இருமலுக்கு சிரப் மேல் சிரப்பாகக் குடித்துக்கொண்டிருப்பார்கள். காரணம் மாத்திரை என்று தோணவே தோணாது. அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திடாதீங்க. டாக்டரிடம் சொன்னால், இருமல் வரவழைக்காத வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார்.

எப்போ கிட்னியைச் சந்தேகப்படணும்?

மூச்சு வாங்குவதோடு கீழே இருப்பதில் ஒன்றோ இரண்டோ இருந்தால் யோசிங்க.

* படுத்தால் மூச்சு முட்டுவது, எழுந்து உட்கார்ந்தால் சரியாவது. தலையணை எண்ணிக்கை கூடிக்கொண்டே போவது.
* கால், பாதம், காலையில் கண் இமை வீங்குவது. விரலால் அழுத்தினால் குழி விழுவது.
* சிறுநீரில் சோப்பு நுரை மாதிரி நுரை தங்குவது. ராத்திரியில் அடிக்கடி எழுந்து போவது அல்லது சிறுநீர் அளவு குறைவது.
* காரணமில்லாத சோர்வு, வெளிறிய முகம், பசியின்மை, குமட்டல், உடம்பெல்லாம் அரிப்பு.
* ஒரு வாரத்துக்குள் எடை திடீரென்று கூடுவது.
* சுகர், பி.பி பல வருஷமாக இருப்பது. வலி மாத்திரையை அடிக்கடி போடும் பழக்கம் இருப்பது.

உட்கார்ந்த நிலையிலும் பேச முடியாத அளவு மூச்சுத்திணறல், உதடு நீலமாவது, இளஞ்சிவப்பு நுரையோடு இருமல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு இருந்தால் உடனே 108.

மேலே சொன்ன அறிகுறிகள் இதய நோய், கல்லீரல் நோய், தைராய்டு பிரச்னைகளிலும் வரலாம். ஆஸ்துமாவும் ராத்திரியில் எழுப்பும். எனவே, இந்தப் பட்டியலை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிடாதீங்க. டாக்டரிடம் கேள்வி கேட்க மட்டும் இதைப் பயன்படுத்துங்க.

என்ன டெஸ்ட்?

ரத்தத்தில் கிரியேட்டினின், அதிலிருந்து கணக்கிடப்படும் இ.ஜி.எஃப்.ஆர். இந்த எண் மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனால் கடைசிக் கட்டம். இதோடு சிறுநீரில் ஆல்புமின் எவ்வளவு என்று பார்க்கும் டெஸ்ட்டும் முக்கியம். கிரியேட்டினின் ஏறுவதற்கு வருஷக்கணக்கில் முன்னாடியே, ஆல்புமின் கசிவு காட்டிக்கொடுத்துவிடும். கூடவே ஹீமோகுளோபின், பைகார்பனேட், நெஞ்சு எக்ஸ்ரே, இ.சி.ஜி, தேவைப்பட்டால் எக்கோ, ஸ்பைரோமெட்ரி.

நெஞ்சுக்கு சி.டி ஸ்கேன் எடுக்கச் சொன்னால், சாயம் ஏற்றுவதற்கு முன்பே கிட்னி பிரச்னை பற்றி ஸ்கேன் சென்டரில் சொல்லணும்.

பெரியப்பா பதினாலு வருஷமா மாசா மாசம் சுகர் டெஸ்ட் எடுத்தார். யூரின் ஆல்புமின் ஒரு தடவைகூட பார்த்ததில்லை. சுகரோ, பி.பி-யோ இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது எடுக்க வேண்டிய டெஸ்ட் அது. அந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்திருந்தால், பி.பி-யையும் சுகரையும் இறுக்கிப் பிடித்து, பாதிப்பை மெதுவாக்கியிருக்கலாம். சுகருக்காக வந்த சில புதிய மாத்திரைகள் கிட்னி பழுதாவதை மெதுவாக்குவதும் இப்போது நிரூபணமாகியிருக்கிறது.

வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால்...

*எடை பாருங்க:* தினமும் காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடும் முன், ஒரே மெஷினில். ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோ. ரெண்டு நாளில் ரெண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர்.

*உப்பைக் குறைங்க:* ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், பார்சல் பிரியாணி எல்லாம் இந்தக் கணக்கில்தான். உப்பு தின்னா தாகம் எடுக்கும், தாகம் எடுத்தா தண்ணீர் உள்ளே போகும், அது நெஞ்சில் போய் நிற்கும். உப்புக்குப் பதிலாக விற்கும் 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருப்பதால், கேட்காமல் வாங்காதீங்க.

*"நிறைய தண்ணி குடி, கிட்னி க்ளீன் ஆகிடும்" வேண்டாம்:* கிட்னியில் கல் இருப்பவருக்குச் சொல்லும் அறிவுரையை, கிட்னி செயலிழந்தவருக்குச் சொன்னால் அது ஆபத்து. அவருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை டாக்டர்தான் சொல்லணும். இளநீருக்கும் அதே விதி.

*டயாலிசிஸைத் தள்ளிப் போடாதீங்க:* வாரம் மூன்று முறை செய்பவர்களுக்கு ஓர் இடைவெளி மட்டும் நீளமாக வரும். மூச்சுத்திணறலோடு அவசர சிகிச்சைக்கு ஓடுவது அந்த நாட்களில்தான் அதிகம். கல்யாணம், திருவிழா என்று அந்த நேரத்தில் ஒரு முறையைத் தவற விட்டால், அது நேராக நெஞ்சுக்குத்தான் வரும். வயிற்றுக்குள் திரவம் ஏற்றிச் செய்யும் டயாலிசிஸில், நெஞ்சு மேலே தள்ளப்படுவது மாதிரி இருந்தால் அதையும் சொல்லிடுங்க.

*தடுப்பூசி:* ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிகள் பற்றி டாக்டரிடம் கேளுங்க.

*வலி மாத்திரை, சிகரெட்:* டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் கிட்னிக்கு ஆகாது. சிகரெட், பீடி இரண்டு உறுப்புக்கும் எதிரி. பெயர் தெரியாத லேகியத்துக்கும் பஸ்பத்துக்கும் இதே எச்சரிக்கை.

*செலவுக்குப் பயந்து நிறுத்தாதீங்க:* முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வருகிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பி.பி மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வீட்டிலேயே வயிறு வழியாக டயாலிசிஸ் செய்பவர்களுக்கான பைகளும் அதில் தரப்படுகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிங்க.

கடைசியா...

பெரியப்பாவுக்கு இப்போ வாரம் மூணு நாள் டயாலிசிஸ். ரத்தம் ஊற ஊசி போடுகிறார்கள். இன்ஹேலர் அலமாரியில் தூங்குகிறது. மூணு தலையணை ஒண்ணாகிவிட்டது. போன வாரம் வீடியோ கால் பண்ணினார். "என்ன பாப்பா, நீ அனுப்புன மெஷின் விரலுக்கு மட்டும்தானா? எடை பாக்குற மெஷின் ஒண்ணு அனுப்பு. வீட்ல இருக்கறது ஆளுக்கு ஒரு கணக்கு சொல்லுது"ன்னார். அனுப்பிவிட்டேன்.

இந்த வாரம் வீட்டுக்கு போன் பண்ணும்போது "சாப்பிட்டீங்களா?"வுக்கு அடுத்து ரெண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்க. "எத்தனை தலையணை வெச்சுத் தூங்குறீங்க? யூரின் ஆல்புமின் டெஸ்ட் எடுத்தாச்சா?" ரெண்டாவது கேள்விக்கு "அது என்னது?"ன்னு பதில் வந்தால், லேபுக்கு நீங்களே கூட்டிப் போங்க.